பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவர்

1950-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி. பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரம். அங்கே மரக்கானா என்னும் புதிய மைதானத்தில் சுமார் 2 லட்சம் பேர் கூடியிருந்தார்கள்.

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டம் அது. பிரேசிலும் அதன் பக்கத்து நாடான உருகுவேயும் மோதின. ஆட்டம் சமமாக முடிந்தாலே கோப்பை பிரேசிலுக்குத்தான். உருகுவே ஜெயித்தே தீர வேண்டும்.

உருகுவே கோஷ்டியின் தலைவர் ஒப்டுலியோ வரேலா. வயது 32.

பத்திரிகை விற்ற சிறுவன்

உருகுவேயின் தலைநகரமான மான்டிவிடியோவில் 1917-ல் பிறந்தவர் வரேலா. ஏழைக் குடும்பம். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. தெருவில் பத்திரிகை விற்றுப் பிழைத்தார்.

கால்பந்து அவருக்கு வாழ்வு கொடுத்தது. 1943-ல் பெனரோல் என்ற பெரிய கிளப்பில் சேர்ந்தார். அவர் இருந்த காலத்தில் அந்தக் கிளப் 6 முறை நாட்டின் சாம்பியன் ஆயிற்று.

அவர் மைதானத்தின் நடுவில் நின்று ஆடுகிறவர். எதிரியின் பந்தைத் தடுக்க வேண்டும். தம் ஆட்களுக்கு அதை எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். வீட்டுக்கு நடுத் தூண் போன்ற வேலை அது. கோல் போடுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். தூணை யார் பார்க்கிறார்கள்?

1948-ல் உருகுவே ஆட்டக்காரர்கள் தங்கள் உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிலும் வரேலா முன்னால் நின்றார். கறுப்புத் தலைவர் என்றே மக்கள் அவரை அழைத்தார்கள்.

அடங்கிய ஆரவாரம்

மரக்கானாவில் ஆட்டத்துக்கு முன், கோல் வாங்காமல் தடுத்து ஆடும்படி பயிற்சியாளர் சொல்லிவிட்டுப் போனார். வரேலா அதை ஏற்கவில்லை. அப்படி ஆடினால் ஸ்வீடனுக்கும் ஸ்பெயினுக்கும் நேர்ந்த கதிதான் நமக்கும் என்று தோழர்களிடம் சொன்னார். பிரேசில் ஸ்வீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் நொறுக்கியிருந்தது.

இடைவேளை முடிந்ததும் பிரேசில் ஒரு கோல் போட்டது. மைதானமே அதிர்ந்தது.

வரேலா பதறவில்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மெதுவாக நடந்தார். ஆங்கிலேயரான நடுவரிடம் போய் அது கோல் அல்ல என்று வாதாடினார். பேச்சு விளங்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். கோல் மாறாது என்பது அவருக்குத் தெரியும். கூட்டத்தின் ஆரவாரம் அடங்கட்டும், தம் ஆட்களின் பயம் தெளியட்டும் என்பதே அவர் எண்ணம்.

அது பலித்தது. ஸ்கியாபினோ ஒரு கோல் போட்டார். 79-வது நிமிஷத்தில் கிக்கியா இன்னொன்று போட்டார். 2-1! கோப்பை உருகுவேக்குக் கிடைத்தது.

பெரிய விழா எதுவும் நடக்கவில்லை. கோப்பையைத் தர வந்த ஜூல்ஸ் ரிமே, அந்தக் குழப்பத்தில் அதை வரேலா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தோற்றவர்களோடு ஓர் இரவு

அன்றிரவு வரேலா ஓட்டலை விட்டு வெளியே போனார். மதுக்கடைகளில் பிரேசில்காரர்கள் தேம்பி அழுதுகொண்டிருந்தார்கள். அவர் அவர்களோடு உட்கார்ந்தார். இவர்தான் வரேலா என்று அறிந்தவர்கள் அவரை அடிக்கவில்லை, கட்டிக்கொண்டு அழுதார்கள். இத்தனை பேருடைய துக்கத்துக்குத் தாமே காரணம் என்று அவர் மனம் வருந்தினார்.

பரிசுப் பணத்தில் 1931-ம் வருஷத்துப் பழைய போர்டு கார் ஒன்று வாங்கினார். அதுவும் சீக்கிரமே திருட்டுப் போயிற்று.

1954-ல் ஸ்விட்சர்லாந்தில் நடந்த உலகக் கோப்பையிலும் தலைமை தாங்கினார். இங்கிலாந்தை 4-2 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் போட்டார், காயமும் பட்டார். அவர் இல்லாத அடுத்த ஆட்டத்தில் ஹங்கேரியிடம் உருகுவே தோற்றது. வரேலா ஆடிய 7 உலகக் கோப்பை ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் நாடு தோற்றதில்லை.

1955-ல் ஆட்டத்தை விட்டார். புகழைக் காசாக்க அவருக்குத் தெரியவில்லை. எளிய வாழ்க்கைதான் கடைசிவரை. 1996 ஆகஸ்டு 2-ந் தேதி, 78-வது வயதில், பத்திரிகை விற்ற அதே மான்டிவிடியோவில் கண்ணை மூடினார்.