இரு நாடுகளுக்கு ஆடியவர்: ஃபெரென்ஸ் புஸ்காஸ்

2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் பினாங்கில் பகாங் அணிக்கு எதிராக ஃபாயிஸ் சுப்ரி உதைத்த பந்து, காற்றிலேயே திசை மாறி வலைக்குள் புகுந்தது. அந்த ஒரு கோலுக்காக அவர் 2017 ஜனவரியில் சூரிச் நகரில் ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதைப் பெற்றார். மலேசியர்கள் பலர் அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டனர். விருதைக் கொண்டாடிய நாம், பெயருக்கு உரியவரை அறிந்து கொண்டோமா என்பது ஐயமே.

ஃபெரென்ஸ் புஸ்காஸ் 1927ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். வளர்ந்தது கிஸ்பெஸ்ட் என்னும் பகுதியில். ஜொகூர் பாருவுக்குத் தம்போய் எப்படியோ, புடாபெஸ்டுக்குக் கிஸ்பெஸ்ட் அப்படி: நகரின் விளிம்பில், தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அடுத்தடுத்து அமைந்த இடம். அவருடைய தந்தையும் காற்பந்து ஆட்டக்காரர், பின்னர்ப் பயிற்றுநரானவர். பக்கத்து வீட்டில் யோஷெஃப் போஷிக் என்ற சிறுவன் இருந்தான். இருவரும் சேர்ந்தே பந்து உதைத்துப் பழகினர். உள்ளூர்க் குழுவில் சேர வயது போதவில்லை என்பதால் புஸ்காஸ் வேறொரு பெயரில் பதிந்து கொண்டு ஆடினாராம். வீட்டிலும் ஊரிலும் அவரை ‘ஓச்சி’ என்று அழைத்தனர். நம் மொழியில் சொன்னால் ‘தம்பி’.

பதினெட்டு வயதில் தேசியக் குழுவில் இடம் கிடைத்தது. 1945 ஆகஸ்டில் ஆஸ்திரியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். குள்ளமான, பருத்த உடல்வாகு. பெரும்பாலும் இடது காலையே நம்பிய ஆட்டம். பார்ப்பவர்க்கு விளையாட்டு வீரராகவே தோன்ற மாட்டார். ஆனால், அந்த இடது காலில் இருந்து புறப்பட்ட பந்தைத் தடுப்பது எளிதன்று.

1949இல் கிஸ்பெஸ்ட் கழகத்தை ஹங்கேரியின் தற்காப்பு அமைச்சு எடுத்துக் கொண்டு, ஹொன்வேட் என்று பெயர் மாற்றியது. ஆட்டக்காரர்களுக்கு இராணுவப் பதவிகள் வழங்கப்பட்டன. புஸ்காஸ் மேஜர் ஆனார். 1950 முதல் நான்காண்டுகள் ஹங்கேரியை எந்த நாடும் வெல்லவில்லை. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது. 1953 நவம்பர் 25ஆம் நாள் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை 6-3 என வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில், இங்கிலாந்தின் தலைவர் பில்லி ரைட் பந்தைப் பறிக்கச் சறுக்கி வந்தபோது, புஸ்காஸ் உள்ளங்காலால் பந்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். ரைட் வெறும் புல்லைச் சறுக்கிச் சென்றார். பந்து வலைக்குள் சென்றது. இன்றும் பயிற்றுநர்கள் இந்த அசைவைச் சிறுவர்களுக்குக் கற்றுத் தருகின்றனர்.

அடுத்த ஆண்டு உலகக் கிண்ணம் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. முதற் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என வென்ற ஆட்டத்தில் புஸ்காஸின் கணுக்கால் காயமுற்றது. காயம் முழுமையாக ஆறாமலே இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனியை எதிர்த்து இறங்கி, ஆறாவது நிமிடத்தில் கோலும் அடித்தார். எட்டு நிமிடத்திற்குள் 2-0. எனினும், ஆட்டம் முடிந்தபோது 3-2 என ஜெர்மனி வென்றிருந்தது. இறுதி நிமிடங்களில் அவர் அடித்த மற்றொரு கோலை நடுவர் ஏற்கவில்லை.

1956 அக்டோபரில் ஹங்கேரியில் மக்கள் புரட்சி வெடித்தது. நவம்பர் 4ஆம் நாள் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்தன. அவ்வேளையில் ஹொன்வேட் குழு ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்காக வெளிநாடு சென்றது. பில்பாவ் குழுவுடனான இரண்டாவது ஆட்டத்தைச் சொந்த மண்ணில் நடத்த முடியாமல் பிரசல்ஸ் நகரில் ஆடினர். பிறகு ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்தது. போஷிக் நாடு திரும்பினார். புஸ்காஸ் திரும்பவில்லை. அவருடைய மனைவி மகளுடன் எல்லையைக் கடந்து அவரிடம் வந்து சேர்ந்தார்.

இருவரில் யார் செய்தது சரி? இராணுவப் பதவி வகித்தவர் நாடு திரும்பாதது அரசின் பார்வையில் குற்றம். குழந்தையை வளர்க்கும் தந்தையின் பார்வை வேறு. போஷிக்குக்கும் தாய் மண்ணில் விட முடியாத உறவுகள் இருந்திருக்கும். ஒருவரை வைத்து மற்றவரைக் குறை கூறுவது நியாயமாகாது என்றே தோன்றுகிறது.

விலையை மட்டும் புஸ்காஸ் முழுமையாகச் செலுத்தினார். அவருக்கு ஈராண்டுத் தடை விதிக்கப்பட்டது. பயிற்சியின்றி உடல் எடை கூடியது. முப்பதைக் கடந்த, பருத்த ஆட்டக்காரரை எந்தக் கழகம் விரும்பும்? 1958இல் ரியல் மாட்ரிட் அவரை ஏற்றது. அப்போது அவருக்கு வயது 31. கடுமையாகப் பயிற்சி செய்து எடையைக் குறைத்தார். 1960ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், கிளாஸ்கோவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்க்க, ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட் 7-3 என பிராங்பர்ட்டை வென்றது. மூன்று கோல்கள் டி ஸ்டெஃபானோ அடித்தவை. எஞ்சிய நான்கும் புஸ்காஸுடையவை. மாட்ரிட்டில் அவர் ஆடிய 262 ஆட்டங்களில் 242 கோல்கள்!

1960களின் தொடக்கத்தில் ஸ்பெயின் அவருக்குக் குடியுரிமை வழங்கியது. 1962ஆம் ஆண்டு சிலியில் நடந்த உலகக் கிண்ணத்தில் அவர் ஸ்பெயினின் சீருடையில் களமிறங்கினார். ஒரு நாட்டுக்காக உலகக் கிண்ணத்தில் ஆடியவர் இன்னொரு நாட்டுக்கு மாறி ஆட இன்றைய ஃபிஃபா விதிகள் இடமளிப்பதில்லை. அன்று அது முடிந்தது. ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல்கள் அடித்தவர், ஸ்பெயினுக்காக ஆடிய நான்கு ஆட்டங்களில் ஒன்றுகூட அடிக்கவில்லை. ஸ்பெயின் முதற் சுற்றோடு வெளியேறியது. அதே போட்டியில் ஹங்கேரி காலிறுதி வரை சென்றது. அந்நேரம் அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்?

1966இல் ஓய்வு பெற்ற பின், பயிற்றுநராகப் பல கண்டங்களைச் சுற்றினார். கிரேக்கக் கழகமான பனாத்தினாய்கோஸை 1971இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார். அது நடந்ததும் வெம்பிளியில்தான். சவூதி அரேபியா, எகிப்து, பராகுவே, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் பணியாற்றினார்.

சொந்த ஊர் மட்டும் தொலைவிலேயே இருந்தது. 1978இல் போஷிக் காலமானார். அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே, 1981இல், ஒரு காட்சி ஆட்டத்திற்காகப் புஸ்காஸால் ஹங்கேரிக்குள் காலடி வைக்க முடிந்தது. பிரிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. 1990களில் மனைவியுடன் புடாபெஸ்டுக்கே குடிபெயர்ந்தார். 1993இல் சில ஆட்டங்களுக்குத் தேசியக் குழுவின் பயிற்றுநராகவும் இருந்தார். முதுமையில் மறதி நோய் அவரைப் பற்றிக் கொண்டது. 2002இல் நாட்டின் பெரிய விளையாட்டரங்கத்திற்கு அவர் பெயரைச் சூட்டினர்.

2006 நவம்பர் 17ஆம் நாள் அவர் மறைந்தார். ஒரு காலத்தில் நாட்டைக் கைவிட்டவர் எனக் கருதப்பட்ட அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. புடாபெஸ்டின் புனித ஸ்டீபன் பேராலயத்தில் அவர் உடல் வைக்கப்பட்டுள்ளது. போஷிக்கின் பெயரோ, இருவரும் சிறுவர்களாகப் பந்து உதைத்த கிஸ்பெஸ்டின் திடலுக்குச் சூட்டப்பட்டுள்ளது.