ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ஆரதி சாகா

கோயிலிலே தீபாராதனை முடிந்து, தட்டிலே வரும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு ஆரத்தி என்னும் சொல் புதியதன்று. அச்சொல்லையே வங்காளத்தார் தம் பெண்மக்களுக்குப் பெயராகவும் இடுவர். அப்பெயர் பூண்ட ஒரு பெண், பத்தொன்பது வயது நிரம்பிய ஐந்தாம் நாளிலே, பிரான்சு தேசத்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கிடக்கும் குளிர்ந்த கடலை நீந்திக் கடந்து, அவ்வாறு கடந்த முதல் ஆசியப் பெண் என்ற கீர்த்தியைப் பெற்றார். அவரது வரலாற்றையே இம்மலரிற் கூறப் புகுகின்றோம். வென்ற கதையை எல்லாரும் அறிவர். அதற்குச் சற்று முன்னே அவர் தோற்ற கதையை அறிந்தவர் சிலரே. நாம் இரண்டையும் சேர்த்தே சொல்ல விரும்புகின்றோம்.

ஆரதி சாகா 1940ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 24ஆந் திகதி கல்கத்தா நகரிற் பிறந்தார். தந்தையார் பாஞ்சுகோபால் சாகா படைச் சேவையில் ஊழியம் பார்த்தவர். பிள்ளைக்கு இரண்டரை வயதாகும்போதே தாயார் காலமாயினார். பாட்டியாரின் அணைப்பிலேயே சிறுமி வளர்ந்தார். நான்கு வயதளவில், வீட்டுப் பெரியவர் ஒருவர் கங்கையிலே சம்பாதலாப் படித்துறைக்கு நீராடச் செல்லுங்கால் இவரும் உடன் செல்வார். குளிக்கப் போன பிள்ளை நீந்தக் கற்றுக்கொண்டது. தண்ணீரில் மகளுக்கிருந்த ஆசையைக் கண்ட தந்தையார் அவரை ஹட்கோலா நீச்சற் கழகத்திற் சேர்த்துவிட்டார். பெண்பிள்ளை குளத்தில் இறங்கினாலே பதைபதைக்கும் பெற்றோர் எம்மிடையே இன்றும் உளர். அக்காலத்தில், தாயில்லாத ஒரு குழந்தையை நீச்சற் கழகத்துக்கு அனுப்பிய அத் தந்தையின் துணிவையும் நாம் மறத்தலாகாது.

1946ஆம் ஆண்டிலே, ஆறு வயது நிரம்புமுன்னரே, 110 யார் நீச்சற் போட்டியொன்றில் அவர் தங்கப் பதக்கம் பெற்றார். அவரைப் பயிற்றி வழிகாட்டியவர் சச்சின் நாக். 1951இல் புதுடில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியிலே 100 மீற்றர் நீச்சலில் முதலிடம் பெற்று, இந்தியாவுக்கு முதல் ஆசியத் தங்கத்தைத் தேடிக்கொடுத்த பெருமகன் அவரே. அதே 1951இல் மேற்கு வங்க மாநிலப் போட்டியில், தவளையைப்போலக் கைகால்களை விரித்து மடக்கி நீந்தும் மார்பு நீச்சலிலே, 100 மீற்றர் தூரத்தை ஆரதி 1 நிமிஷம் 37.6 செக்கனில் நீந்தினார். பம்பாய் வீராங்கனை டொலி நசீர் நிலைநாட்டியிருந்த அகில இந்தியச் சாதனை அன்று முறியடிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டில் அவ்விருவரும் ஒரே கொடியின்கீழ்ப் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரத்துக்குச் சென்றனர். 1952ஆம் ஆண்டின் அந்த ஒலிம்பிக் விழாவிலேதான் சுதந்திர இந்தியாவின் பெண்கள் முதன்முதலாகக் கலந்துகொண்டனர். அவர்கள் நால்வர், ஓட்டத்துக்கு இருவர், நீச்சலுக்கு இருவர். இந்தியக் குழு முழுவதிலும் ஆரதியே இளையவர். அவருக்கு வயது பன்னிரண்டு நிரம்பவில்லை. 200 மீற்றர் மார்பு நீச்சலின் ஆரம்பச் சுற்றிலே 3 நிமிஷம் 40.8 செக்கன் எடுத்தார். அடுத்த சுற்றுக்குத் தேறவில்லை. அப்போட்டியில் தங்கம் வென்ற ஹங்கேரி நாட்டு ஏவா செக்கேலி 2 நிமிஷம் 51.7 செக்கனில் நீந்தி முடித்தார். ஏறத்தாழ 50 செக்கன் வித்தியாசம்! இதைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் படிக்கும் வயதுடைய ஒரு பிள்ளை, உலகின் சிறந்த நீச்சல்காரிகள் இறங்கிய அதே தடாகத்தில் இறங்கி, முழுத் தூரத்தையும் நீந்தி முடித்தது சிறிய காரியமென எமக்குத் தோன்றவில்லை.

குறுந்தூர நீச்சலுக்கு வேகம் வேண்டும். நெடுந்தூர நீச்சலுக்கு வேறொன்று வேண்டும். ஆங்கிலக் கால்வாய் மிக ஒடுங்கிய இடத்தில் 21 மைல் அகலமே உடையது. ஆயினும் அங்கே சுமார் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறுகின்றது. நேரே நீந்துபவரை அது ஒருமுறை கிழக்கேயும் மறுமுறை மேற்கேயும் இழுத்துச் செல்லும். ஆதலால் 21 மைல் கடலுக்கு 40 மைல் நீந்த நேரிடுதலும் உண்டு. குளிரோ நமது கடலில் குளித்துப் பழகியவரால் நினைத்தும் பார்க்கவொண்ணாதது. உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்குவர். துணைப் படகு பக்கத்திலேயே வரும். உணவும் பானமும் அதிலிருந்தே கொடுபடும். ஆனால் நீந்துபவர் அப்படகை ஒருமுறை தொட்டாலும் அவரது நீச்சல் கணக்கில் வராது. பாக்குநீரிணையை 1954இல் நீந்திக் கடந்த தொண்டைமானாற்று நவரத்தினசாமியின் பெயரை அறிந்த எம் வாசகர்களுக்கு இதன் கடுமையை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1958ஆம் ஆண்டு ஓகஸ்டிலே, கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த பிரஜேன் தாஸ் இக்கால்வாயைக் கடந்த முதல் ஆசியரானார். செப்டெம்பரில் மிகிர் சென் முதல் இந்தியரானார். (1966இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியவரும் இந்த மிகிர் சென்னே.) பிரஜேன் தாஸ் கடந்த அப்போட்டியிலே ஆண்களையும் பின்னே தள்ளி முதலாவதாகக் கரையேறியவர் கிரேட்டா அண்டர்சன் என்னும் ஒரு பெண். அச்செய்தி ஆரதியின் மனத்தில் தைத்தது. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஆரதியின் பெயரைச் சிபார்சு செய்தவர் பிரஜேன் தாஸே.

பயணத்துக்குப் பணம் வேண்டுமே! ஹட்கோலா கழகத்தின் உதவிச் செயலாளர் டாக்டர் அருண் குப்தா முன்னின்று, ஆரதியின் நீச்சற் காட்சிகளை நடத்தி நிதி திரட்டினார். திரண்டது போதவில்லை. ஈற்றில் முதலமைச்சர் விதான் சந்திர ராய் 11,000 ரூபா கிடைக்க வழிசெய்தார். பிரதம மந்திரி நேருவும் இம்முயற்சியில் ஊக்கங் காட்டினார். 1959 ஏப்பிரலிலே தேசபந்து பூங்காவின் குளத்தில் ஆரதி எட்டு மணித்தியாலம் இடைவிடாது நீந்தினார். பின்னர் பதினாறு மணித்தியாலம் நீந்தினார். ஜூலையில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

போட்டி ஓகஸ்ட் 27ஆந் திகதி பின்னிரவு ஒரு மணிக்குப் பிரான்சின் கிரி நே முனையிலிருந்து தொடங்குவதாக இருந்தது. மற்றவர்கள் இறங்கிவிட்டனர். ஆரதியின் துணைப் படகு வந்து சேரவில்லை. இருட்டிலே, கொழுப்புப் பூசிய உடம்போடு, அவர் நாற்பது நிமிஷம் காத்துநின்றார். நாற்பது நிமிஷம் என்பது தரையில் நிற்பவர்க்கு அற்பம். நீரோட்டத்தின் கணக்கிலோ அதுவே எல்லாம். முற்பகல் பதினொரு மணியளவில் ஆங்கிலக் கரைக்கு ஐந்து மைல் தூரத்துக்குள் வந்துவிட்டார். அவ்வேளையில் எதிரோட்டம் கிளம்பியது. பிற்பகல் நான்கு மணிவரை போராடியும் இரண்டு மைலளவே முன்னேற முடிந்தது. கரை கண்ணெதிரே கிடந்தது. படகோட்டி வற்புறுத்தியதன்மேல் அவர் நீச்சலைக் கைவிட்டார்.

ஊரார் பணத்திலும் அரசாங்கப் பணத்திலும் வந்த பெண், தவறோ அவருடையதன்று. படகைக் குறைகூறிவிட்டுக் கப்பலேறியிருந்தால் யாரும் பழித்திருக்கமாட்டார்கள். ஆரதி அவ்வாறு செய்யவில்லை. அங்கேயே தங்கினார். நாளுக்கு நாள் காலம் பிந்த, கடல் மேலுங் குளிரும். அவரது பத்தொன்பதாவது பிறந்தநாளும் அங்கேயே கழிந்தது. போட்டியில்லை, பக்கத்தில் நீந்துவோர் இல்லை. தாமும் கடலுமாக இரண்டாம் முறை முயல்வதென்று உறுதிகொண்டார். இடையிலே முப்பத்துமூன்று நாட்கள். கால்வாயைக் கடந்ததிலும் இந்த முப்பத்துமூன்று நாட்களைக் கடந்ததே பெரிதென்பது எம் எண்ணம். எமது அங்கத்தவர் சிலர் இதனை ஒப்பமாட்டார்கள் என்பதும் தெரியும்.

செப்டெம்பர் 29ஆந் திகதி அதே கிரி நே முனையில் மீண்டும் கடலில் இறங்கினார். நீரோட்டம் இழுத்த வளைவுகளோடு 42 மைல் நீந்தியதாகக் கணக்கிட்டனர். பதினாறு மணித்தியாலம் இருபது நிமிஷம் சென்றபின் இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் அவர் கால் பதிந்தது. அங்கே இந்தியக் கொடியை ஏற்றினார். இலண்டனில் இந்திய உயர் ஸ்தானிகராக இருந்த விஜயலக்ஷ்மி பண்டிதர் முதலில் வாழ்த்தினார். மறுநாள் அகில இந்திய வானொலி செய்தியை நாடெங்கும் பரப்பியது. 1960இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விளையாட்டுத் துறையில் அதனைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

நிதி திரட்ட அலைந்த அருண் குப்தாவையே ஆரதி மணம் புரிந்தார். ஒரு பெண்மகவுக்குத் தாயாகி, புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்து, கல்கத்தாவிலேயே ஆரவாரமின்றி வாழ்ந்தார். 1994 ஓகஸ்டில் செங்கமாரியும் மூளைக் காய்ச்சலும் ஒருங்கே பற்ற, பத்தொன்பது நாள் வைத்தியசாலையிற் கிடந்து, 23ஆந் திகதி காலமானார். வயது ஐம்பத்துமூன்று. 1999இலே இந்தியத் தபாற் பகுதி அவர் உருவம் பொறித்த முத்திரையொன்றை வெளியிட்டது. அவர் சாண்ட்கேட்டிற் கரையேறி அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.