சி.சு. செல்லப்பாவும் ஒரு சிறுமியின் கதையும்

போன மாதம் மட்டாஞ்சேரியில் நம் அங்கத்தினர் ஒருவரின் பேத்தி நம் இதழுக்கு ஒரு சிறுகதை அனுப்பியிருந்தாள். பள்ளியில் படிப்பது மலையாளம். தமிழ், பாட்டி சொல்லிக் கொடுத்தது. பக்கத்துக்குப் பத்துப் பிழை. இதழுக்கு வருவதைப் படித்துப் பார்க்கும் அடியேன் அதை ஒதுக்கி வைத்துவிட்டேன். அன்றிரவு சி.சு. செல்லப்பா அவர்களின் ஞாபகம் வந்து தூக்கம் கெட்டது.

செல்லப்பா 1912-ல் பிறந்தவர், வத்தலக்குண்டுக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அவரையும் ஒரு பத்திரிகைதான் வளர்த்தது. அதே ஊர்க்காரரான பி.எஸ். ராமையா நடத்திய மணிக்கொடியில் வந்த ‘ஸரஸாவின் பொம்மை’ என்ற கதைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அந்தக் கடனை அவர் 1959 ஜனவரியில் தீர்க்கத் தொடங்கினார். திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து ‘எழுத்து’ வெளிவந்தது. 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முதலிலேயே அறிவித்தார். அந்த எண்ணிக்கையை எட்டும் கவலையே அவருக்கு வரவில்லை; சந்தாதாரர்கள் சில நூறு பேர்தான்! முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் யாப்பில்லாத கவிதை. இதெல்லாம் கவிதையா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் எங்கெங்கோ தனியாக எழுதிக் கொண்டிருந்தவர்களுக்கு ஒரு விலாசம் கிடைத்தது. திருகோணமலையிலிருந்து இருபது வயதை ஒட்டிய தர்மு சிவராமு (பின்னாளில் பிரமிள்) எழுதினார். வடக்கே உத்தியோகத்தில் இருந்த வெங்கட் சாமிநாதன் விமர்சகரானது இங்கேதான். நம் பக்கத்து மனிதர்களும் உண்டு. திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த டி.கே. துரைஸ்வாமி என்ற நகுலன் எழுதினார். பால்யத்தைக் கோட்டயத்தில் கழித்த சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதினார். 1962-ல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து ‘புதுக்குரல்கள்’ என்று புத்தகமே போட்டுவிட்டார் செல்லப்பா.

பணம்? மனைவியின் நகைகள் போயின என்பார்கள். புத்தக மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்தப் பிடிவாதத்தை என்னால் முழுதாக மெச்ச முடியவில்லை. அந்த அம்மாள் பட்ட கஷ்டத்துக்கு யார் கணக்கு வைத்தார்கள்? கடைசிக் காலத்தில் நம் இதழைப் போலவே காலாண்டிதழாகி, 119 இதழ்களோடு 1970-ல் ‘எழுத்து’ நின்றது. செல்லப்பா 1998 டிசம்பரில் காலமானார். ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது 2001-ல்தான் வந்தது.

மறுநாள் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனேன். பாட்டியும் கூட உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரத்தில் பிழைகளைத் திருத்தினோம். கதையில் கை வைக்கவில்லை. அடுத்த இதழில் வருகிறது.