காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தின் முன்னோடி அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி

ஸ்பெயினின் குர்துபா அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936 வாக்கில் பிறந்தவர் அஸ்ஸஹ்ராவி. தம் நீண்ட மருத்துவ அனுபவத்தை 'அத்தஸ்ரீஃப்' என்ற 30 பாக நூலாக எழுதினார். கடைசிப் பாகம் அறுவை சிகிச்சை பற்றியது. சுமார் 200 கருவிகளின் படங்கள் அதில் உண்டு.

டான்சில் வீங்கிய நோயாளியை வெயிலை நோக்கி உட்கார வைத்து, நாக்கைத் தகட்டால் அழுத்தி, நன்றாகப் பார்த்த பிறகே கருவியை எடுப்பது அவர் முறை. காதில் ஏதேனும் விழுந்தாலும் முதலில் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். 1013 வாக்கில் வஃபாத்தானார். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குச் சென்ற அந்நூலை ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் படித்தார்கள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பிள்ளையின் காதில் ஹேர்பின் விட்டுக் குடையும் பெற்றோர் இன்றும் உண்டு. செவிப்பறை கிழிந்தால் கேட்கும் திறனே குறையலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர் பார்க்கட்டும்.