கலாமை வளர்த்த தந்தை ஜைனுலாப்தீன்

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாமை அறியாத தமிழ் வீடு இல்லை. அவரை வளர்த்த தந்தை மர்ஹூம் ஜைனுலாப்தீன் மரைக்காயரின் வாழ்க்கையில் இன்றைய தந்தையருக்கு நிறையப் படிப்பினைகள் இருக்கின்றன.

ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்த அவரிடம் பெரிய படிப்பும் இல்லை, பெரிய செல்வமும் இல்லை. பள்ளியில் இமாமாக இருந்தார். அதிகாலை 4 மணிக்கு எழுந்து தொழுதுவிட்டு, சுமார் 4 மைல் தொலைவிலிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து சென்று தேங்காய்களைத் தோளில் சுமந்து வருவார். யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரப்படகு ஒன்றைக் கட்டினார். ஒரு புயல் அதையும் அடித்துச் சென்றது.

வருமானம் குறைந்தது, வீட்டின் அமைதி குலையவில்லை. மனைவி ஆஷியம்மாவும் அவரும் ஊரார் மதித்த தம்பதியர். குடும்பத்தாரைவிட வெளியாட்களே அதிகமாக அந்த வீட்டில் சாப்பிட்டார்கள். கணவன், மனைவிக்கு இடையே அல்லாஹ் வைத்த அன்பும் இரக்கமும் பிள்ளைகளுக்கு நிழலாகும் என்பதற்கு அந்த வீடு சாட்சி.

மகனை மாலைத் தொழுகைக்குத் தாமே அழைத்துச் செல்வார். அவன் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாக, எளிய தமிழில் பதில் சொல்வார். பஞ்சாயத்து போர்டு தலைவரானபோது, யாரோ கொடுத்த அன்பளிப்பைச் சிறுவன் கலாம் வாங்கி வைத்துவிட்டார். தந்தை கண்டித்தார், பிறகு அருகில் அமர்த்தி, உள்நோக்கத்தோடு வரும் அன்பளிப்பு ஏன் ஆபத்தானது என்று விளக்கினார். கண்டிப்போடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் படிக்க மகன் கிளம்பியபோது தாய் தயங்கினார். தந்தை அதிகாரம் காட்டாமல், எடுத்துச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தார். பின்னர் நம் மணிமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கையில் பணமில்லை. அக்கா ஜொஹரா தம் நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார். பெற்றோரின் ஒற்றுமையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணை நின்றார்கள்.

102 ஆண்டுகள் வாழ்ந்து 1976இல் ஜைனுலாப்தீன் வஃபாத்தானார். மகன் நாட்டின் குடியரசுத் தலைவரானதை அவர் பார்க்கவில்லை.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்ட் பார்த்துக் களைத்து வரும் தந்தையரை நாம் அறிவோம். சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். தோப்புக்கும் கடலுக்கும் போய்வந்த அந்த உழைப்பாளி, மகனுக்கு நேரமும் கொடுத்தார், மனைவிக்கு மதிப்பும் கொடுத்தார். வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்கு நடப்போம். அதன் முன்னிலையில் மனைவியிடம் குரல் உயர்த்தாதிருப்போம்.

நம் இல்லங்களை அமைதியின் இல்லங்களாக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.