மூலம் தேடிய முதுபுலவர்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே மேலகரம் என்னும் ஊர் உள்ளது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் வாழ்ந்த ஊர் அது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவராய் விளங்கிய சுப்பிரமணிய தேசிகரும் அவ்வூரினரே. அவர் தம் மடத்து ஏடுகளைத் தந்து ஆதரித்த மாணவர் ஒருவர், மறைந்து கிடந்த பழந்தமிழ் நூல்கள் பலவற்றை உலகறியச் செய்தார். அவரே தமிழ்த்தாத்தா எனப் போற்றப்பெறும் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர்.

உத்தமதானபுரத்தைச் சேர்ந்த ஐயர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லவர். குடும்பத்தில் வறுமை இருந்தது. எனினும் மைந்தரின் தமிழ் வேட்கை குன்றவில்லை. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து பாடம் கேட்கலானார். 1876இல் ஆசிரியர் மறைந்தபின் தேசிகரிடம் பயின்றார். 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டிலேயே அங்கு முன்சீப்பாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிக் கூறியும் முதலியார் மகிழவில்லை. சிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவினார். அவ்வினா ஐயரின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோள்கள் மிகுதி. அவற்றுட் பல, எந்நூலினின்று எடுக்கப்பட்டன என்னும் குறிப்பின்றி நின்றன. உரை எழுந்த காலத்துக் கற்றோர்க்கு அந்நூல்கள் பழக்கமானவை. நாளடைவில் அவை வழக்கொழிந்தன. மேற்கோள் மட்டும் எஞ்சியது. ஐயர் அவற்றைப் பொருள் விளங்காதனவென ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு அதன் மூலத்தைத் தேடினார். திருவாவடுதுறை மடத்துச் சுவடிக் கட்டுகளை ஆராய்ந்தபொழுது சங்க நூல்கள் அவர் கண்ணிற் பட்டன. மூலம் தெரியாதிருந்த மேற்கோள்கள் பல அவற்றில் விளங்கின. இங்ஙனம் மேற்கோள் நூலுக்கு வழிகாட்டிற்று; ஓர் ஏட்டில் சிதைந்த அடியைத் திருத்தவும் வேறோர் உரையின் மேற்கோள் துணைசெய்தது.

1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. தாம் பெற்ற இடர் பிறர் பெறாவண்ணம், மேற்கோள் நூல்களின் அகராதியையும் அரும்பத அகராதியையும் தம் பதிப்புகளில் சேர்த்தார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அமெரிக்க அறிஞர் யூஜின் கார்பீல்டு 1964இல் அறிவியல் கட்டுரைகளுக்கு மேற்கோள் அகராதி ஒன்று வெளியிட்டார். எக்கட்டுரையை எவர் எடுத்தாண்டனர் என்பதை அது காட்டும். இன்று இத்தகைய தொகுப்புகள் கணிப்பொறியில் உள்ளன. ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாயின எனக் கணக்கிட்டு, அவ்விதழின் செல்வாக்கை அளப்பதும் உண்டு. இவை ஆராய்ச்சிக்கு நல்ல துணைகளே. ஆயினும் எண்ணிக்கை ஒன்றே மதிப்பாகிவிடாது. 1880இல் அவ்வாறு அளந்திருப்பின், ஏட்டில் உறங்கிய புறநானூறு எவ்விடம் பெற்றிருக்கும்?

மேற்கோள், மூலத்திற்குச் செல்லும் வழியாகும். அவ்வழியே சென்று மூலத்தைக் கற்று மதிப்பிடுதலே ஆராய்ச்சியாகும். பிறர் கருத்தை எடுத்தாள்வோர் அதன் மூலத்தைத் தவறாது குறித்தலும் கடமையாகும். ஐயரின் வாழ்க்கை மாணவர்க்கு உணர்த்தும் நெறி இதுவே.