கண்தானம் வளர்த்த ஹட்சன் சில்வா

நெல் விளையும் கண்டாவளையில் வாழ்வோர்க்குக் கண்ணோய் புதியதன்று. அரிவு வெட்டும் காலத்தும் சூடடிக்கும் காலத்தும் நெற்சுணை கண்ணிற் பட்டுக் கீறின், அக்கீறலிற் பூஞ்சணம் பற்றிப் புண்ணாதலுண்டு. புண் ஆறினும் வெண்மையான தழும்பு நின்று பார்வையை மறைத்துவிடும். கண்ணின் முகப்பிற் கண்ணாடிபோல் அமைந்துள்ள விழிவெண்படலம் இவ்வாறு மங்கியபின் மருந்தினாற் பயனில்லை. இறந்தார் ஒருவரின் தெளிந்த படலத்தை எடுத்துப் பொருத்துதலே வழி. 1905ஆம் ஆண்டில், மொறாவியா நாட்டில், எட்வர்ட் சிர்ம் என்னும் வைத்தியர் இச்சத்திர சிகிச்சையை முதன்முதலில் வெற்றியுறச் செய்தார். வித்தை கைவந்தும் கொடுப்பார் அரிதாயினர். அக்குறையைத் தீர்க்க நம் நாட்டிற் புறப்பட்டவரே ஹட்சன் சில்வா.

1929இற் பிறந்த இவர், வைத்திய மாணவராயிருந்தபோதே, 1958இல், இறந்தபின் கண்களை ஈயுமாறு வேண்டிச் சிங்களப் பத்திரிகையிற் கட்டுரை வரைந்தார். 1960இல் இவருடைய அன்னையார் காலமானார். ஊராரிடம் கேட்டதை முதலில் தம் வீட்டிலேயே செய்து காட்டவேண்டிய வேளை வந்தது. பெற்ற தாயின் கண்களை எடுக்க எந்த மகனுக்கும் மனம் துணியுமோ? இவர் துணிந்தார். அக்கண்கள் ஏழைக் கமக்காரர் ஒருவருக்குப் பார்வை அளித்தன. நம்மைப்போல் மண்ணை நம்பி வாழ்ந்த ஒருவர் அவர் என்பதை இங்கு நினைத்துக்கொள்கின்றோம்.

1961இல் இலங்கைக் கண்தானச் சங்கம் தோன்றியது. 1964இல், பனிக்கட்டியிட்ட குடுவையில், முதன்முறையாகக் கண்கள் சிங்கப்பூருக்குச் சென்றன. பின்னர் பாகிஸ்தான், யப்பான் முதலாக ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் இலங்கையரின் கண்களைப் பெற்றன. 1996இல் மறைந்த முன்னாள் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் கண்ணும் யப்பானுக்கே சென்றது.

பௌத்த சாதகக் கதையிலே சிவி மன்னன் தன் கண்களை ஈகின்றான். நாமறிந்த சிபியோ புறாவுக்காகத் தசை அரிந்தவன். எனினும் கண்ணப்பரை வழிபடும் நமக்குக் கண் ஈதல் புதிதாகுமா? கண் கொடுத்தவர் மறுபிறப்பிற் குருடராய்ப் பிறப்பர் என்னும் பேச்சை நம்மவர் சிலரிடம் கேட்டிருக்கின்றோம். எந்த நூலில் அது உள்ளதென வினவினால் விடையில்லை.

ஒன்றை மறைத்தலாகாது. கண்ணினுள் அமுக்கம் மிகுந்து பார்வை நரம்பு பட்டுப்போனவர்க்கு இத்தானம் உதவாது. பார்வை நரம்பை மாற்றும் வித்தை இன்னும் எவர்க்கும் கைவரவில்லை. அந்நோய் அரவமின்றி வளர்வதால், முதியோர் காலத்தோடு கண்ணைச் சோதிப்பித்தல் வேண்டும்.

சில்வா 1999இற் காலமானார். அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்தோரும் கண்புரை உற்றோருங்கூட விழிவெண்படலம் தெளிவாயிருப்பின் ஈயலாம். எடுத்தபின் முகம் விகாரமடைவதில்லை. ஆனால் உயிர் பிரிந்து சில மணி நேரத்துள் எடுத்தாகல் வேண்டும். நம் ஊரிலோ, தூரத்து உறவினர் வரும்வரை பிரேதம் ஒரு நாளேனும் காத்திருக்கிறது. அதற்கிடையில் கண்ணுக்குரிய நேரம் கடந்துவிடுகிறது.